பிள்ளையார் கேட்ட கேள்வி

கணினியில் எதையாவது தொட்டால் போதும், சின்னதாக ஒரு பெட்டி எழும்பி வந்து ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும். ஆபீசில் நாள் முழுக்க அதற்கு ‘ஆம்’ அழுத்தி அழுத்தி எனக்கு அலுத்துவிட்டது. போதாததற்கு, அதைப் பார்த்தாலே அத்தை ஞாபகம் வேறு வந்து தொலைக்கிறது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் எங்களோடுதான் இருந்தாள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக்கு வேலைக்குப் போகிறேன் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பிடிகொடுக்கவில்லை. துறையூர் விதைக்கடை ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் வேலை வந்தபோது, “இதை ஒழுங்கா முடிச்சுக் காட்டு, அப்புறம் சென்னையைப் பத்திப் பேசலாம்” என்றார். இரண்டு மாதம் அத்தை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

எந்த விவசாயி எந்த விதைக்குச் சொல்லிவைத்திருக்கிறார் என்ற பட்டியல்தான் அது. மொத்தத்தையும் அழிக்கும் பொத்தானைத் தொட்டால், மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறியோடு ஒரு பெட்டி எச்சரிக்கும். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

“வியாபாரம் பண்ற எடத்துல என்னம்மா இது அபசகுனமா? சாமி படம் ஏதாச்சும் வைங்க.”

“பாத்ததும் பயந்து கை நிக்கணும் சார், அதுக்குத்தான்” என்று அத்தை சொல்லிப் பார்த்தாள். அந்த மனுஷன் கேட்டால்தானே? சலித்துப்போய் வீட்டுக்கு வந்து, “நீயே ஒரு பிள்ளையார் போடுடி” என்று என்னிடம் மவுஸைக் கொடுத்தாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி, தும்பிக்கை, தொப்பை, கையில் கொழுக்கட்டை வரைக்கும் வைத்துவிட்டேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடையில் கணக்கு எழுதுகிற பெரியவர் ஒரே ஒரு பெயரை எடுக்கப் போய், பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்று, முக்கோணம் இருந்த இடத்தில் என் பிள்ளையாரோடு பெட்டி வந்தது. பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘ஆம்’ அழுத்தினார். விதைப்பு நேரத்தில் பட்டியல் மொத்தமும் போயிற்று. ஏன் அழுத்தினீர்கள் என்று அத்தை போனில் கேட்டதற்கு, “பிள்ளையாரே வந்து கேக்கறாரு, வேண்டாம்னு எப்படிம்மா சொல்றது?” என்றாராம்.

பத்து நாள் அத்தை துறையூர் பஸ்ஸில் போய்வந்து, ஒவ்வொரு விவசாயியாகக் கேட்டு மறுபடி ஏற்றினாள். அதற்குள் கடைக்காரர் அப்பாவுக்கே போன் செய்து கத்திவிட்டார்.

“ஒரு விதைக்கடைக்கே இந்த லட்சணம். சென்னையில போய் என்னத்தக் கிழிக்கப் போற?” என்று அப்பா குதித்தார். சாமி படத்தைப் போட்டது யார் என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“நான்தாண்ணா” என்றாள் அத்தை. கடைக்காரர் கேட்டுத்தான் போட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. பேசிப் பேசி ஓய்ந்துபோயிருந்தாள்.

சென்னைப் பேச்சு அத்தோடு முடிந்தது. அத்தை எங்கேயும் போகமாட்டாளாம் என்று பக்கத்து வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, ஓடிவந்து அவள் மடியில் விழுந்தேன்.

“என் பிள்ளையார்தான் உன்னைப் போகவிடாமப் பண்ணிட்டாரு அத்தை!”

“ஆமாண்டி” என்றாள். அவளுக்கும் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.