வாழ்த்துப்பாவின் அடியில் என் பெயர்

அண்மையில் தொலைக்காட்சியில் ஒரு படம் பார்த்தேன். வயதான எழுத்தாளர் ஒருவர் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கிறார். வீட்டில் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் பாதியில் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுபதுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினேன். நாலே வருடத்தில் பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. பட்டம் படித்தவர்களும் குழாய் ஒழுகினால் என் கதவைத்தான் தட்டுவார்கள். அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இருந்தது. அப்போது இங்கே இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்களில் கலியாணம் என்றால் வாழ்த்துப்பா என்னுடையதுதான். தடித்த மட்டையில் கறுப்பு மையால் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பேன். என் கையெழுத்திடம் அச்சு தோற்றுப்போகும்.

அந்தக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஒரு பெண்பிள்ளை. பதினாறு வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம்தான். "அங்கிளிட்டைக் காட்டித் திருத்து" என்று தகப்பன் கவிதைக் கொப்பியோடு அனுப்பிவைப்பார். நானும் சிவப்புப் பேனாவோடு உட்காருவேன். திருத்த எனக்கு என்ன தெரியும்? அங்கங்கே காற்புள்ளி போட்டேன்.

அவளுடைய அக்காவுக்குக் கலியாணம் வந்தது. தகப்பன் வாழ்த்துப்பாவுக்கு என்னிடம் சொல்லியிருந்தார். அவளோ தானே இருபது வரி எழுதி, ஒருவருக்கும் சொல்லாமல் என்னிடம் கொண்டுவந்தாள். மேடையில் கேட்டுத்தான் அப்பாவுக்குத் தெரியவேண்டுமாம். நான் ஒரு சொல்லை மாற்றினேன்.

"குறை நினையாதேங்கோ அங்கிள், அதை மாத்தினால் வாசிக்கேக்கை இடறுது."

வாசித்துப் பார்த்தேன். இடறத்தான் செய்தது.

"கீழை என்ரை பேரைச் சின்னனாப் போட்டால் காணும்," என்றாள்.

மட்டையில் இருபது வரியையும் எழுதி முடித்து, அடியில் என் பெயரைப் போட்டேன். கைப்பழக்கம் என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். மேசையில் இன்னொரு வெற்று மட்டை இருந்தது. மாற்றி எழுத இரண்டு நாளும் இருந்தன.

கலியாணத்தன்று, வாடகைக்கு எடுத்த தேவாலயம் ஒன்றின் கீழ்த்தள மண்டபத்தில் வாசித்தேன். என் பெயரையும் வாசித்தேன். தகப்பன் அழுதுகொண்டு என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு பன்னீர்ச் செம்போடு நின்ற அவளைக் கூப்பிட்டார்.

"பாத்தியே பிள்ளை, எழுத்தெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும். நீயும்தான் கிறுக்கிறாய்!"

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். சால்வையைச் சரிசெய்தேன்.

"ஓம் அப்பா," என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து எலிவேற்றரில் கண்டேன். "என்ன பிள்ளை, கொப்பியைக் காணேல்லை?"

"எழுதுறதை விட்டிட்டன் அங்கிள். உங்கடை தளம் வந்திட்டுது, இறங்குங்கோ."

நான் இறங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கலியாண நாளிலிருந்து அவளுடைய தகப்பன், சாகும்வரை, என்னைப் "புலவர்" என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் "ஓம்" என்று திரும்பிப் பார்த்தேன்.