பின்கதவுக்கு உள்ளே ஒரு கைப்பிடி

இது நடந்தது. நம்பாதவர்கள் வட்டவளைக்கு வந்து லோஜனையே கேட்கலாம். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் பெண்டாட்டி நிஷாந்தியிடம் அத்தனை முறை மாட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

குவைத்தில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவன் அவன். மகள் சுலக்ஷனா பிறப்பதற்கு முன்பே போனவன். ஐந்து வயதுப் பிள்ளை அவனை "அந்த மாமா" என்றுதான் சொன்னாள். அது அவனை அறுத்தது. எப்படியாவது ஊரோடு ஒரு வேலை கிடைக்காதா என்று தூக்கமில்லாமல் புரண்டான்.

அப்போதுதான் நுவரெலியா ஹோட்டல்காரர் ஒருவர் பழைய வேன் ஒன்றை அவன் வாசலில் இறக்கினார். ஒரு காலத்தில் பூண்டுலோயா பக்கத் தேயிலைத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி வேனாக ஓடியது. பாதிப் பாகம் இல்லாத அதைப் பழையபடி ஆக்க வேண்டும், பாகம் எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்து கொடுத்தால் உல்லாசப் பயணிகளை ஏற்றி அதை ஓட்டும் வேலையும் அவனுக்கே. இல்லையென்றால் மறுபடி குவைத்.

லோஜன் தோட்டம் தோட்டமாக அலைந்தான். தோட்டத்தில் எந்தச் சாமானும் வீணாகப் போகாது. வேறு வேலைக்குப் போய்விடும். பொனட் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாக இருந்தது. சீட் ஒரு சலூனில் இருந்தது. சைலன்சர் குழாய் ஹட்டன் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. துரு தின்றிருந்தாலும் ஒரிஜினல் ஆயிற்றே! ஒட்டுப் போட்டுப் பூட்டினான்.

பின்கதவு பூண்டுலோயாவில், அம்மாக்கண்ணு என்ற வயதான அம்மாவின் லயத்து வீட்டில் சமையல் குசினிக்குக் கதவாக இருந்தது. புதுக் கதவு போட்டுத் தந்ததும் கொடுத்துவிட்டார். அதன் உட்பக்கம் ஒரு கைப்பிடி. தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை வளைத்துச் செய்தது.

"இத மட்டும் கழட்டிறாதீங்க தம்பி."

"கம்பெனி போட்டது இல்லையேம்மா. இந்தக் கதவு வெளியில இருந்துதான் திறக்கும்."

"உள்ளுக்கு இருக்கிறவங்களுக்கு வேணும்."

தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்த கையோடு கழற்றிவிட்டான்.

வேனை ஒப்படைக்க மூன்று மணிக்குப் புறப்பட்டபோது சுலக்ஷனா, "நானும் வர்றேன்" என்றாள். முதல் தடவையாகக் கேட்கிறாள். அவனுக்கு அப்படியே தூக்கிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஹோட்டல்காரர் இரண்டு முறை போன் அடித்துவிட்டார். "நாளைக்கு கூட்டிட்டுப் போறேன்" என்றான். பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள்.

ஹட்டன் தாண்டினான். கொட்டகலையில் பனிமூட்டம் இறங்கியது. மாலை நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

டொக்... டொக்.

பின்னாலிருந்து. டயர் மாற்றுகிற ஜக்கி உருளுகிறதாக்கும் என்று நினைத்தான்.

டொக்... டொக்... டொக்.

ஓரங்கட்டி, பின்கதவைத் திறந்தான். ஸ்பெயார் டயர். முன் மூலையில் குவித்துப் போட்ட தார்ப்பாய். லேசான புகை வாசம். பழைய வண்டி, அப்படித்தான். சாத்தினான்.

நூறு யார் போயிருக்காது.

டொக். டொக். டொக். டொக்.

இப்போது வேகம். கை விரித்து அறைகிற சத்தம். ஒரு ஆள் உயரத்தில்...

எஞ்சினை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

இறங்கினான். முருகா... முருகா...

கதவின் பிடியில் கை வைத்தான். மறுபக்கம் அறைவது உள்ளங்கையில் அதிர்ந்தது.

திறந்தான்.

சத்தம் நின்றது.

புகை முகத்தில் அடித்தது. தார்ப்பாய் விலகிக் கிடந்தது. கதவை ஒட்டி, அவன் காலடியில்...

சுலக்ஷனா.

கண் மூடியிருந்தது. உதடு நீலம். வாரி எடுத்துக்கொண்டு ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்து, பேர் சொல்லிக் கத்தினான். குளிர் காற்று பட்டுப் பிள்ளை இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்றாள்.

லோஜன் அழுதான். அழுதுகொண்டே கேட்டான்.

"நீயா கதவ தட்டுன?"

"இல்ல. கதவு திறந்திருந்துச்சு, ஏறி தார்ப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருந்தேன்... தூங்கிட்டேன்."

சைலன்சரில் போட்ட ஒட்டு விட்டுப்போய், புகை முழுதும் உள்ளே ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் என்றால் பிள்ளை இல்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். லோஜன் குழாயை மாற்றினான், கத்திக் கைப்பிடியைத் திரும்பப் பூட்டினான். இது ஒரிஜினல் இல்லையே என்று ஹோட்டல்காரர் முகம் சுளித்தார். வேலை போனால் போகட்டும் என்று அதைக் கழற்ற மறுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு பூண்டுலோயாவுக்குப் போனான்.

அம்மாக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை.

"எனக்கும் அப்ப அஞ்சு வயசு. அம்மாவுக்கு ரொம்ப சொகமில்லைன்னு அந்த வேன்லதான் ஏத்துனாங்க. நானும் அழுதுகிட்டே ஏறிட்டேன். வழியெல்லாம் உள்ளுக்கு பொகை. மயங்கிட்டேன். பின்னால விடாம தட்டுறாங்களேன்னு டிரைவரு நிப்பாட்டி திறந்திருக்காரு. அதனாலதான் பொழைச்சேன். அடுத்த நாளே எங்கப்பா அந்த கைப்பிடிய செஞ்சு போட்டாரு."

"உங்க அம்மாதான் தட்டுனாங்களா?"

"டிரைவரும் அப்படித்தான் சொன்னாரு தம்பி. ஆனா ஆஸ்பத்திரியில பாத்துட்டு சொன்னாங்க... வேன் தோட்டத்து கேட்ட தாண்டுறதுக்கு முன்னாலேயே எங்கம்மாவுக்கு உசுரு போயிருச்சுன்னு."