ஏற்காட்டுக்கு முன் எழுபது கிலோமீட்டர்

கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்காக ஒரு மலையை ஏற வேண்டும்? கேட்டவர் என் மாமியார். மூன்று வாரமாகிறது, என்னிடம் இன்னும் பதில் இல்லை.

திட்டம் இதுதான். சேலத்திலிருந்து சைக்கிளில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காடு. மறுபக்கம் குப்பனூர் வழியாக இறங்கி மீண்டும் சேலம். அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரே நாளில். என் மகளுக்கு மூன்று வயது. அவள் பிறந்த நாளிலிருந்து அந்தச் சைக்கிள் எங்கள் வீட்டில் குட்டித் துணிகள் காயும் கொடியாகத்தான் இருந்தது. கணவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, அடிவாரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். நிபந்தனையை நானேதான் வைத்தேன்: முதலில் எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் என்று ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் சுற்றிவிட்டு, காலை பத்து மணிக்குள் வீடு சேர வேண்டும். முடியாவிட்டால் ஏற்காடு இல்லை.

ஆடி மாதத்து ஞாயிறு, காலை 5.40. வாசலில் மாமியார் கற்பூரம் காட்டி, முன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். கார் என்றால் ஒரே நசுக்கு. என் சைக்கிளின் டயர் விரல் அகலம்கூட இராது. ஏற்றினேன், பழம் வழுக்கிச் சாக்கடை ஓரமாக உருண்டது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது.

“நசுங்கலியேமா,” என்றார் மெதுவாக. “இன்னிக்கு வோணாம், வுட்டுடேன்.”

பழத்தை எடுத்துச் சட்டையின் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

6.15. திருப்போரூர் சாலையில் காப்புக்காட்டை ஒட்டி ஓர் ஏற்றம் உண்டு. எங்கள் பக்கத்தில் மலைப்பாதைக்கு ஒத்திகை பார்க்க எனக்குக் கிடைத்தது அது மட்டும்தான். இறங்காமல் ஏறினேன். உச்சியில் நின்று கைபேசியைப் பார்த்தேன். மகள் எழுந்திருப்பாளா? அழைத்தால் எழுப்பிவிடுவேனோ? அழைக்கவில்லை. அந்த யோசனையில் நான்கு நிமிடம் போயிற்று.

7.10, திருப்போரூர். தேநீர் பதினைந்து ரூபாய். இதுவரை இருபத்தாறு கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் வரை சாலை தட்டையாக ஓடியது. எட்டு மணிக்குக் கடலைப் பார்த்தபோது, கணக்குப்படி பத்து நிமிடம் முந்தியிருந்தேன். கர்வம்தான், மறுக்கவில்லை.

8.20, பூஞ்சேரி. மேற்கே திரும்பியதும் காற்று முகத்தில் அறைந்தது. இருபது வளைவுகளுக்கும் நேரம் குறித்து வைத்தவள், ஆடி மாதத்தில் காலைக் காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று யோசிக்கவில்லை. களைத்துப்போகும் கடைசி இருபத்தேழு கிலோமீட்டரும் எதிர்காற்றில்.

சாலையோரத்தில் இளநீர் விற்ற அம்மாள் என் சைக்கிள் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளநீர் ஐம்பது ரூபாய். அவரே சொன்னார்: “மேக்கால காத்து இன்னிக்கு உன்ன வுடாது. பதினோரு மணிக்கு மேல கடல் காத்து வந்துரும், அதுவே உன்ன தள்ளிகினு போவும். அதுவரிக்கும் இப்டி குந்து.”

குந்தினால் பத்து மணி போய்விடும். பழத்தை எடுத்து, வெட்டித் தரச் சொன்னேன்.

“சாமிக்கு வச்சதா?”

“சக்கரத்துக்கு வச்சது. நசுங்கல.”

“அப்ப நல்ல பழம்தான்,” என்று வெட்டினார். வெள்ளரிக்காய்க்கு வைத்திருந்த உப்பிலிருந்து ஒரு சிட்டிகையும் போட்டார். தண்ணீர் பாட்டிலில் பிழிந்து, அங்கேயே பாதியைக் குடித்தேன்.

9.25, திருக்கழுக்குன்றம். பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கணவர் அழைத்தார். பின்னால் மகள் அழும் சத்தம். காலையிலிருந்து என்னைத்தான் கேட்கிறாளாம். “வண்டி எடுத்துகினு வரட்டா? இருவது நிமிஷம்,” என்றார். தொண்டை வரை ‘சரி’ வந்தது.

“வேணாம். அவளுக்கு இட்லி ஊட்டுங்க,” என்றேன்.

பத்து மணிக்குள் முடியாது என்று அப்போதே தெரியும். கோயில் மலையைப் பார்த்தபடி சாலையோரத்தில் நின்று, ஏற்காட்டு அடிவாரத்தில் ஓர் அறை பதிவு செய்தேன். இரண்டு இரவு. பணம் திரும்பக் கிடைக்காத வகையையே தேர்ந்தெடுத்தேன், பிறகு மனம் மாறக் கூடாதல்லவா? அதன்பின் பதினான்கு கிலோமீட்டரும் தலையைக் குனிந்தபடியே மிதித்தேன்.

10.37, வீடு. மகள் சாப்பிட்டு முடித்து, நான் கழற்றிய ஹெல்மெட்டில் பொம்மையைத் தூங்கவைத்தாள். அவ்வளவுதான் அந்த அழுகை. மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முப்பத்தேழு நிமிசம் லேட்டு. பழம் எங்க?”

“குடிச்சிட்டேன் அத்தை.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவர் சிரித்துவிட்டார். அறை பதிவு செய்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “பத்து மணின்னு நீதானே சொன்ன?” என்றார். நான்தான் சொன்னேன், நான்தான் மாற்றுகிறேன் என்றேன். அவர் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதக் கைபேசியை எடுத்தார்.

குப்பனூர் வழியாகச் சைக்கிளில் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் ஏறி வளைவுகளில் இறங்குவது நல்லதா, நான் திட்டமிட்டபடியே போகலாமா? இறக்கத்தில் பிரேக் சூடானால் எங்கே நிறுத்தலாம்? காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? மாமியாரின் கேள்விக்கு யாரிடமாவது பதில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், அவரிடம் படித்துக் காட்டுகிறேன். போகலாமா வேண்டாமா என்று மட்டும் எழுத வேண்டாம். அதை நான் கேட்கவில்லை.