முப்பத்து நாலு இஞ்ச்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் தன் உடம்பைப் பற்றி உண்மை பேசியவர் ஒருவர்கூட இல்லை. துணி சுருங்கிவிட்டது என்பார்கள். சலவைக்காரன் கெடுத்துவிட்டான் என்பார்கள். போன வருஷம் நீங்கள் தைத்ததே பிடிப்பாகத்தான் இருந்தது என்று பழியை எங்கள் தலையில் கட்டுகிற புண்ணியவான்களும் உண்டு. நாங்களும் தலையை ஆட்டிவிட்டு, உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துத் தளர்த்திக் கொடுப்போம். பழைய துணியைப் பிரித்துத் தைப்பதுதான் எங்கள் பிழைப்பு. ஊரில் எல்லாரும் அளவாகச் சாப்பிட்டு நாலு தெரு நடந்தால், நாங்கள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

நான் அப்படி இல்லை. வாயைக் கட்டத் தெரிந்தவள். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த நீலக் கடைக் கோட்டைத்தான் பதினோரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அதே பொத்தான், அதே துளை. மூன்று மணிக்கு ஒரு க்ரீம் பன், அவ்வளவுதான். உட்கார்ந்து செய்கிற வேலைக்குத் தெம்பு வேண்டாமா?

என் பக்கத்து மெஷினில் தைக்கிறவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஒரே ட்யூப்லைட்டின் கீழே இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட உறவு. கை சுத்தம் என்றால் அவள் கைதான். ஒரு கால்சட்டையைப் பிரித்துத் தளர்த்தி, பழைய ஊசித் துளைகளை நகத்தால் நீவி, ஈரத்துணி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாளென்றால், முதலில் தைத்தவனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். தையல் முடிகிற இடத்தில் மட்டும் மூன்று தடவை பின்னால் ஓட்டி நிறுத்துவாள். மற்றவர்கள் இரண்டு தடவையோடு விட்டுவிடுவோம். அதை வைத்துத்தான் எனக்கு அவள் தையல் தெரியும்.

அவள் புருஷன் பஸ் டிரைவர். கடையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். போனில் அவர் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே எங்கள் எல்லாருக்கும் கேட்கும். உப்பு குறைந்தால் ஒரு சத்தம், கூடினால் ஒரு சத்தம், இரண்டும் சரியாக இருந்தால் ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று ஒரு சத்தம். அக்காவின் உடம்பில் சதை என்று எதுவும் ஒட்டாமல் போனதற்குக் காரணம் வேலை என்று அவள் சொல்வாள். நான் நம்பியதில்லை.

அந்த ஆளுக்குப் பரிந்து பேச எனக்கு ஆசையில்லை. ஆனாலும் அவர் பொழுது எப்படிப் போகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விடிவதற்குள் வெறும் வயிற்றோடு முதல் வண்டி எடுப்பார். போய்ச் சேருகிற இடத்தில் ஆறு நிமிஷம் நிற்கலாம். அந்த ஆறு நிமிஷத்தில், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எது கைக்கு எட்டுகிறதோ அதை நின்றுகொண்டே விழுங்குவார். எட்டு நடைக்கு எட்டு டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டிச் சர்க்கரை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்கச் சாப்பிடாதவர் போலத் தட்டை மலையாகக் குவிக்கச் சொல்லித் தின்றுவிட்டு, தின்ற இடத்திலேயே சாய்ந்து குறட்டை விடுவார். நடப்பது என்றால் சீட்டிலிருந்து டீக்கடை வரைக்கும்தான். அதற்கே மூச்சு வாங்கும்.

கொஞ்சம் குறைத்துச் சாப்பிடுங்கள், டிப்போவுக்கு நடந்து போங்கள் என்று அக்கா எப்போதாவது வாயைத் திறந்தால், அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது தன் இடுப்பு முப்பத்து நாலு, இன்றைக்கும் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்குகிற யூனிஃபார்ம் முப்பத்து நாலு. பெல்ட் போடுகிறவர்களைக் கண்டால் கிண்டல். அது தொப்பைக்காரர்களுக்கு என்பார். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றதற்கு அவர் வைத்த பெயர் வாயு.

போன வருஷம் ஒருநாள், வண்டி நிறைய ஆட்களோடு சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங் மேலேயே தூங்கிப் போனார். பிரேக்கிலிருந்து கால் நழுவி, முன்னால் நின்ற காரை வண்டி மெல்ல முட்டியது. நல்ல வேளை, பச்சை விழவில்லை. கண்டக்டர் டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டார். டிப்போ டாக்டர் ரத்தம் எடுத்தார், இடுப்பை அளந்தார். சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. இடுப்பு நாற்பத்தொன்று. மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்கி இடுப்பு முப்பத்தெட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது, ஷெட்டில் கழுவுகிற வேலைதான் என்று சீட்டில் எழுதிவிட்டார்.

மறுநாள் மதியம் ஹாரன் எங்கள் கடைக்குள் வந்தார். கையில் அந்தச் சீட்டு, கக்கத்தில் துவைத்து மடித்த ஒரு யூனிஃபார்ம் கால்சட்டை. அக்கா பக்கம் திரும்பாமல் நேரே என் மேஜைக்கு வந்தார். பெண்டாட்டி சாட்சி செல்லாதாம்.

"டாக்டர் வச்சிருக்கிற டேப் இழுபட்டு நாசமாப் போனது. நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கான். நீ தொழில்காரி. இதை அளந்து கடைச் சீட்டுல எழுதிக் கொடு, அவன் மூஞ்சில விட்டெறியறேன்."

இழுபட்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கால்சட்டையை வாங்கிப் பார்த்தேன். உள்ளே முப்பத்து நாலு என்று ஸ்டோர் சீட்டு தைத்திருந்தது. மேஜையில் விரித்து இடுப்புப் பட்டியின் குறுக்கே டேப்பை வைத்தேன். இருபதரை. இரண்டு பக்கத்துக்கும் நாற்பத்தொன்று. என் கண்ணையே நம்பாமல் உட்புறத்தைத் திருப்பினேன்.

பின்பக்கத்துத் தையலில் விட்டிருந்த துணி முழுக்கத் தீர்ந்து போயிருந்தது. அது போதாமல் அதே நிறத் துணியில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு, இரண்டு பக்கமும் பாக்கெட்டுக்குக் கீழே ஒளித்து இரண்டு துண்டு. ஒட்டு எதுவும் வெளியே தெரியவில்லை. தையல் முடிகிற ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை பின்னால் ஓட்டி நிறுத்தியிருந்தது. பக்கத்து மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

பொய் ஒன்று என் வாயில் தயாராகவே இருந்தது. தொழில் பழக்கம். அதற்குள் அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

"அளக்க வேணாம். நாப்பத்தொண்ணுதான். ஏழு வருஷமா நான்தான் பிரிச்சு விட்டுட்டு வரேன்."

ஹாரன் முகத்தில் ஈயாடவில்லை. எதுக்கு என்று கேட்டார். அந்த ஆளுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கிறதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் சொன்னாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் கால்சட்டைப் பொத்தான் மாட்டவில்லை. வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டாய் என்று சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் விசிறியடித்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அரை இஞ்ச் தளர்த்தி வைத்தாள். மறுநாள் காலை வீட்டில் சத்தமே இல்லை. அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப் போயிற்று. அதிலிருந்து புது யூனிஃபார்ம் வந்த அன்றே பிரித்துவிடுவாள். ஒட்டுப் போட, பழசிலிருந்து துணி எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்போ கட்டின பொண்டாட்டியே என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுட்டு வந்திருக்கே."

"நீங்க கத்தாம இருக்கணும்னுதான் பாத்தேன்," என்றாள் அக்கா. "உங்க உடம்பைப் பாக்கல. தப்புதான்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தட்டை விசிறினவன் நியாயம் பேசுகிறான், இவள் தப்புதான் என்று தலையைக் குனிகிறாள். அதைவிட எரிச்சல், அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அவர் போன பிறகு அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். உன் கை சுத்தத்தில் இடி விழ, மனுஷனுக்கு உடம்பு சொல்கிற சேதியையே அழித்துவிட்டாயே என்றேன். அவள் பாட்டுக்கு மெஷினை ஓட்டினாள்.

அந்த வாரமே அவருடைய நாலு யூனிஃபார்ம் கால்சட்டையையும் பிரித்து நாற்பதுக்குக் கொண்டுவந்து தைத்தாள். ஒட்டுத் துண்டுகளைக் குப்பையில் போட்டாள். காலையில் ஒரு டப்பாவில் அவித்த முட்டையும் வெந்த காய்கறியும் வைத்துக் கொடுத்தாள். டீயில் சர்க்கரை நின்றது. அவர் டிப்போவுக்கு நடக்க ஆரம்பித்தார். மாட்டுத் தீவனம் என்று டப்பாவைத் திட்டிக்கொண்டே தின்றார், செருப்பு தேய்கிறது என்று கத்திக்கொண்டே நடந்தார். ஒருநாள் இறுக்குகிறது என்று அவர் கூரை அதிரக் கத்தியபோது, அக்கா தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாளாம். அவர் வயிற்றை எக்கிக்கொண்டு பொத்தானைப் போட்டுப் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து டேப் முப்பத்தொன்பது காட்டியது. சர்க்கரையும் முழுசாக இறங்கவில்லை. டாக்டர் இரக்கம் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் கூடாது. இருபது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷன் இப்போது ஷெட்டில் குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் ஓட்டுகிற வண்டிகளைக் கழுவுகிறார். ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொத்தானை மாட்டாதபடியே விட்டிருந்தால் வண்டி கையை விட்டுப் போயிருக்காது. இதை அவர் அக்காவிடம் தினமும் சொல்கிறார். அவளும் ஆமாம் என்கிறாள். கால்சட்டையைத் தளர்த்துவது மட்டும் இல்லை.

நேற்றுக் காலை ஆணியில் தொங்கிய என் கடைக் கோட்டை எடுத்து மாட்டினேன். நடுப் பொத்தான் துளைக்கு எட்டவில்லை. யார் இதை வெந்நீரில் போட்டது என்று கத்தினேன். கடையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் சத்தம் என் காதிலேயே விழுந்தது. கோட்டைக் கழற்றி உட்புறத்தைத் திருப்பினேன்.

இரண்டு பக்கத் தையலிலும் விட்ட துணி முழுக்கத் தீர்ந்திருந்தது. பக்கத்துக்கு நாலு வரிசை பழைய ஊசித் துளைகள். கடைசித் தையல், மூன்று தடவை பின்னால் ஓட்டி நிறுத்தியது.

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "ஒருநாள் பொத்தான் தெறிச்சுதுன்னு என்கிட்ட ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசல நீ," என்றாள். பிறகு மேஜை மேல் எதையோ என் பக்கம் தள்ளினாள். "பிளேடு இந்தா. வேணும்னா நீயே பிரிச்சுக்கோ."

நான் அதைத் தொடவில்லை. பொத்தானைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.