பிளக்கின் மேல் பழி

ஞாயிறு காலையில் வன்னியராஜ் இரண்டு பிரஷ்களோடு முற்றத்துக்கு வருவார். ஒன்று அவருடைய பல்லுக்கு. மற்றது காரின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு. இரண்டில் எது புதியது என்று கேட்கவே வேண்டாம்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறார்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். மணக்காட்டில் எனக்கு எதிர் வீடு. வாடகை அவருடையது, வாசல் காருடையது. வெள்ளை பத்மினி முன்பக்கத்தை அடைத்து நிற்க, மனிதர்கள் பின்வாசல் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

பல்லில் பிரஷ்ஷைக் கடித்தபடியே பானெட்டைத் திறப்பார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலில் நனைத்துத் தேய்த்து, நுனியில் உப்புத்தாள் போட்டு, வெயிலில் பிடித்துப் பார்ப்பார். எனக்கும் காட்டுவார். நான் "ஆகா" என்று சொல்லியாக வேண்டும். பிறகு அதே பழசுகளைத் திரும்ப மாட்டுவார். முதலில் விரலால் திருகி, அப்புறம்தான் ஸ்பேனர். "அவசரப்பட்டா மரை போயிரும் சாரே."

புதிய பிளக்குகள் இல்லாமல் இல்லை. ஓணத்துக்கு முன்பு வாங்கிய நான்கும் டேஷ்போர்டு அறையில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. "அது எமர்ஜென்சிக்கு, கேட்டோ" என்பார்.

எமர்ஜென்சி மாதாமாதம் வருகிறது. அவர் மனைவி விஜயத்தின் அக்கா பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லய வீட்டில் இருக்கிறார். சொந்தக் காரில் போய் அக்கா வாசலில் இறங்க வேண்டும்; விஜயத்துக்கு இந்த ஒரே ஆசைதான். மலையடிவாரத்துக் கல்லாறு வரை கார் சிங்கம். கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் இருமும், இழுக்கும், நின்றுவிடும். மெல்லப் பின்னால் உருட்டிக் கல்லாற்று டீக்கடை ஓரம் விட்டுவிட்டு, எப்போதோ வரும் பஸ்ஸுக்காக இருவரும் மழையில் நிற்பார்கள். அதற்கென்றே விஜயம் பெரிய குடை ஒன்றை எடுத்துப் போவார்.

"வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல சாரே. எல்லாம் இந்த பிளக்கு பண்ணுற வேல" என்பார் மறுநாள்.

"அப்படியானால் புதுசை மாட்ட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை சீண்டினேன்.

கையைத் துணியில் வெகுநேரம் துடைத்தார். "மாட்டலாம். பச்சே, மாட்டியும் ஏறலேன்னா? எஞ்சின் போச்சுன்னு ஆயிரும்லா. அப்புறம் ஆக்கிரிக் கடையில இரும்பு வெலைக்குத்தான் போடணும்."

எனக்குப் பாவமாகிவிட்டது. அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது விஜயம். போன ஞாயிறு புதுப் பெட்டியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார். "இன்னைக்கு இதப் போடுங்க. ஏறலேன்னா ஏறல. அறிஞ்சாவது போவட்டும்."

வன்னியராஜ் புதுசுகளை மாட்டினார். நாலாவது பிளக்கைத் திருக அவருக்கு நெடுநேரம் பிடித்தது. வழியில் தேவைப்படும் என்று பழசுகளைப் பேப்பரில் சுற்றி டேஷ்போர்டு அறையில் பத்திரப்படுத்தினார். சாவியைத் திருப்பினார், எஞ்சின் சீராக ஓடியது. அவர் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. மணக்காட்டில் ஏது மலை?

விஜயம் பட்டுச்சேலையில் வந்தார். கையில் அக்காவுக்குப் பலகாரப் பை மட்டும்.

"கொடை எங்கட்டி?"

"எதுக்கு? அக்கா வாசல்லதான எறங்கப் போறோம்."

வன்னியராஜ் மூட்டம் போட்டிருந்த வானத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். டேஷ்போர்டு அறையைத் திறந்து, அந்தப் பேப்பர் பொட்டலத்தை எடுத்து மதில்மேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார்.