முனை நாற்காலி

போன வாரம் ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ட்ரெய்னிங். நான்தான் ட்ரெய்னர். ஊரின் மறு கோடியில் இருக்கும் வானவடியிலிருந்து கேப் பிடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, போய்ச் சேர்வதற்குள் பொறுமை பற்றி எனக்கே ஒரு ட்ரெய்னிங் முடிந்திருந்தது.

ஹாலுக்குள் நுழைந்தால்... வட்ட மேஜைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கிண்ணம் சாக்லேட். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்பும் பெயர் அட்டை.

"என்ன அபர்ணா, கல்யாண ரிசப்ஷனா?"

அபர்ணா அங்கே ஹெச்.ஆர். துறுதுறுப்பான பெண். "வட்ட மேஜைன்னா போட்டோ நல்லா வரும், மேம். எல்லாரும் கலந்து பழகட்டும்னு யார் எங்கன்னு நானே சீட் போட்டுட்டேன்" என்றாள் பெருமையாக.

நாற்காலி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பள்ளிக்கூடம் மாதிரி வரிசையாகப் போட்டால், தலை நரைத்த மேனேஜர்கூட கடைசி வரிசைக்கு ஓடிப்போய் மொபைலைத் தொடையில் வைத்துக்கொள்வார். நீள மேஜை போட்டால், தலைப்பக்கம் உட்கார்ந்தவர் சொல்வதுதான் சட்டம். வட்ட மேஜை? பேசச் சௌகரியம். ஆனால் பாதிப் பேர் ஸ்கிரீனுக்கு முதுகைக் காட்டுவார்கள். குறையே இல்லாத ஹாலை நான் இன்னும் பார்த்ததில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு ஒரு சாக்லேட் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வந்தவர்கள் யாரும் சும்மா வரவில்லை. கம்பெனிக்குப் புது க்ளையன்ட் கிடைத்திருந்தது. புது டீம். அதற்கு ஒரு டீம் லீட் வேண்டும். ஹாலில் இருப்பவர்களில் ஒருவரைத்தான் எடுக்கப் போகிறார்கள் — இது எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் மிலிந்த் ஓரமாக உட்கார்ந்து நாள் முழுக்கக் கவனிப்பதாக ஏற்பாடு.

தொடங்கும் முன் அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ரோஹனையும் பூங்கொடியையும் பாருங்க. பூங்கொடி வேலையில கெட்டி. ஆனா..." இழுத்தார். "கொஞ்சம் திமிர். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டா."

பூங்கொடியா? இந்த மராட்டி ஊரில் நம்ம தமிழ்ப் பெண்! யார் என்று தேடினேன். எல்லோரும் உட்கார்ந்துகொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் தன் பெயர் அட்டையை நைஸாக எடுத்து ஓர நாற்காலிக்கு முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

அபர்ணா விடுவாளா? "கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா, பூங்!" என்று அட்டையைப் பழைய இடத்திலேயே வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். உதடு மட்டும்.

முதல் பயிற்சி: கோபமான க்ளையன்ட்டை எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொரு மேஜையும் கலந்து பேசிச் சொல்ல வேண்டும். பூங்கொடிக்கு வலது பக்கம் ரோஹன். "முதல்ல அவங்களை முழுசாப் பேச விடணும். நடுவுல சாரி சொல்லவே கூடாது" என்றான். அவளிடம் ஒரு அசைவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதையே — கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் — தன் யோசனையாக அவள் சொன்னாள். மேஜையில் கைதட்டல்.

ரோஹன் முகம் சிவந்துவிட்டது. "அது என் ஐடியா! நான் சொன்னப்போ கேக்காத மாதிரி உட்கார்ந்திருந்தா."

மிலிந்த் என்னைப் பார்த்தார். 'நான் சொல்லலை?' என்று ஒரு பார்வை.

டீ நேரம். பேன்ட்ரியில் அவள் தனியாக நின்றிருந்தாள். பக்கத்தில் போய் "பூங்கொடி" என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். ம்ஹூம். சரிதான், திமிர்தான் போலிருக்கிறது என்று சர்க்கரை எடுக்க அவளுக்கு மறுபக்கம் சுற்றிப் போனேன். "சர்க்கரை எங்கேம்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

டக்கென்று திரும்பினாள். "இந்தாங்க மேடம். அட, தமிழுங்களா?"

எனக்குப் பொறி தட்டியது.

"எந்தக் காதும்மா?"

கப்பைக் கீழே வைத்தாள். யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். "வலதுங்க. சின்ன வயசுல காய்ச்சல் வந்து போயிருச்சு. இடது நல்லாவே கேக்கும்."

"ஆபீஸ்ல சொல்லலையா?"

"கோயமுத்தூர்ல மொத கம்பெனில சொன்னேனுங்க. அன்னிலேர்ந்து எல்லாரும் எங்கிட்டக் கத்திக் கத்திப் பேசுனாங்க. பச்சைக் குழந்தைகிட்டப் பேசற மாதிரி. அப்புறம் க்ளையன்ட் கால் எல்லாம் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. பாவம் பாத்துத்தான்." கப்பை மறுபடி எடுத்தாள். "பாவம்னு பேர் வாங்கறதுக்குத் திமிர்னு பேர் வாங்கறது தேவலைங்க மேடம்."

குடித்து முடித்துக் கப்பைக் கழுவி வைத்தாள்.

"தலைவலின்னு சொல்லிட்டு மத்தியானம் கெளம்பிடறேனுங்க. லீட் ரோஹனுக்கே போகட்டும்."

"போகாதேம்மா. யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன். உனக்கு என்ன வேணும், அதை மட்டும் சொல்லு."

"முனையில ஒரு சேருங்க. எல்லாரும் எனக்கு இடது பக்கம் வந்துட்டாப் போதும்."

இவ்வளவுதானா!

லஞ்ச் நேரத்தில் மேஜைகளை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னேன். "ஐயோ மேம்... நடு ஹால் காலியா இருக்குமே!" என்றாள் அபர்ணா. "இருக்கட்டும், அங்கேதான் நான் நிற்கப் போறேன்" என்றேன். ஆங்கிலத்தில் யூ, நமக்கு 'ப' — அந்த வடிவத்தில் வெறும் நாற்காலிகள். பெயர் அட்டை கிடையாது. யாருக்கு எங்கே வசதியோ அங்கே உட்காரலாம்.

சாப்பிட்டுவிட்டு முதலில் வந்தது பூங்கொடி. நேராகப் போய் முனை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மொத்தக் கூட்டமும் அவளுக்கு இடப்பக்கம்.

இப்போது நானே கோபமான க்ளையன்ட். சிரமமே இல்லை, காலையில் வந்த டிராஃபிக்கை நினைத்துக்கொண்டேன். ரோஹன் நிதானமாக, அழகாகச் சமாளித்தான். அடுத்து பூங்கொடி. நான் கத்தினேன், மேஜை இல்லாததால் கையைத் தட்டினேன். நடுவில், உங்கள் சாஃப்ட்வேரால் எங்கள் ஆட்களுக்குச் சம்பளமே போகவில்லை என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் விட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்த யாரும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

அவள் பிடித்தாள். "முதல்ல சம்பளம் போகட்டும் மேடம். அதை இன்னைக்கே பண்ணிடலாம். அப்புறம் நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க, நான் இங்கேதான் இருப்பேன்."

க்ளையன்ட் என்பதை மறந்து நான் சிரித்துவிட்டேன். மிலிந்த் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரோஹனால் பொறுக்க முடியவில்லை. "இப்ப மட்டும் எல்லாம் கேக்குதா? காலையில நான் சொன்னது மட்டும் கேக்கலையா?"

எனக்கோ நாக்கு துடிக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்துவிட்டேனே!

பூங்கொடி எழுந்தாள். தப்பில்லாத ஹிந்தியில், நிதானமாகச் சொன்னாள். "கேக்கலை, ரோஹன். நீ என் வலது பக்கம் இருந்தே. எனக்கு அந்தக் காது கேக்காது. நீயும் அதையேதான் சொல்லியிருக்கேங்கறதே நீ கோபப்பட்ட அப்புறம்தான் தெரிஞ்சது."

மிலிந்த்தான் முதலில் வாயைத் திறந்தார். "அரே... நான் தினமும் உன் டெஸ்க்குக்கு வலது பக்கம்தானே வந்து நிக்கறேன்?"

"தெரியும் சார். உங்க சென்ட் வாசனையை வெச்சுத்தான் திரும்புவேன். நீங்க அதைப் போடாத அன்னைக்குத்தான் நான் திமிர்."

ஹாலே வெடித்துச் சிரித்தது. ரோஹன் எழுந்து வந்து, "சாரி, பூங்!" என்றான், ஹால் அதிர.

"கத்தாதே. இந்த ஒரு காது உன் ரெண்டு காதையும்விட நல்லாக் கேக்கும்."

அபர்ணாவும் ஓடி வந்தாள். வலது பக்கமாக வந்தவள் சட்டென்று நின்றாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போய், அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவளுக்குக் கேட்டது.

திரும்பி வரும்போது கேப்பில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாற்காலியை எந்தக் கோணத்தில் போடலாம், எவ்வளவு தள்ளிப் போடலாம் என்றெல்லாம் மூளையைக் கசக்குகிறோம். அதில் உட்காரப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்கிறோமா? ஒருவருக்கு ஸ்கிரீன் தெரியாது. ஒருவர் ஏசிக்கு நேர் கீழே நடுங்கிக்கொண்டிருப்பார். நாம் பாட்டுக்கு 'ஆர்வமில்லை', 'கூச்சம்', 'திமிர்' என்று பேர் வைத்துவிட்டுப் போகிறோம். அதில் எத்தனை பேர் தப்பான நாற்காலியில் உட்கார்ந்தவர்களோ!

நேற்று பூங்கொடி போன் பண்ணினாள். "லீட் நான்தானுங்க மேடம்! இன்னிக்குத்தான் மொத மீட்டிங் முடிஞ்சுது."

"சபாஷ்! சேரை எப்படிப் போட்டே?"

"சேரே இல்லீங்க. அத்தனை பேரும் ஒர்க் ஃப்ரம் ஹோம். ஹெட்போனை மாட்டுனேன் — மொத்த டீமும் என்ற இடது காதுக்குள்ள வந்து உக்காந்துக்குச்சு!"