பாய்மரத்தின் அடியில் நின்ற பெனடிக்ற் அண்ணை

றெஜினா அக்காவின் அழைப்பு வந்தபோது தலைமன்னாரில் படகைக் கழுவிக்கொண்டிருந்தேன். "தம்பி, அண்ணை போயிட்டார்" என்றார். அவருடைய கணவர் பெனடிக்ற் அண்ணையும் நானும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் அந்தப் பாய்ப்படகில் ஒன்றாக வேலை செய்தவர்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

பாய்மரத்தின் உச்சியில் ஏதாவது பழுதானால் ஏறுவது நான். கீழே நின்று கயிற்றை இழுத்து என்னை ஏற்றுவது அவர். ஒருநாள் உச்சி விளக்கு எரியவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பத் தொடங்கியிருந்தது, பயணிகள் காத்திருந்தார்கள். விழுந்தால் பிடிப்பதற்காக இடுப்பில் கட்டும் இரண்டாவது கயிறு வேறொரு படகில் கிடந்தது.

"சின்ன பல்ப்தானே அண்ணை, ஏத்துங்கோ."

"ஏத்தமாட்டன். ஒரு கயிறு உன்னை மேல அனுப்ப, மற்றது உன்னை வீட்டை அனுப்ப. போய் எடுத்துக்கொண்டு வா."

எடுத்து வருவதற்குள் காற்று முற்றிவிட்டது. "இனி நாளைக்குத்தான்" என்றார். பயணிகள் திரும்பிப் போனார்கள். முதலாளி எங்கள் இருவரையும் ஏசினார். சில நாட்கள் நான் அண்ணையோடு கதைக்கவேயில்லை.

பிறகொரு நாள், நான் உச்சியில் இருக்கும்போது, என்னைத் தூக்கிய கயிறு ஓடும் கப்பி பிளந்தது. ஒரு முழம் விழுந்திருப்பேன். இரண்டாவது கயிறு பிடித்து நிறுத்தியது. கையிலிருந்த ஸ்பானர் நழுவி அவருக்குப் பக்கத்தில் விழுந்தது. மெல்ல மெல்ல இறக்கினார். ஓர் ஆறுதல் வார்த்தை வரும் என்று நின்றேன். "ஸ்பானரை ஏன் கையோட கட்டேல்லை? என்ர மண்டை போயிருக்கும்!" என்று கத்தினார். என் இடுப்பு முடிச்சை அவிழ்க்க முயன்றார், முடியவில்லை. மூன்றாவது தடவையில்தான் அவிழ்ந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு, மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்த பிறகு நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. வேலைக்கு நடுவில் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஆஸ்பத்திரிக்குப் போவம், வாங்கோ" என்றேன். "வாயுவடா. உள்ளிப்பூடு திண்டாச் சரி." அடுத்த நாளும் கேட்டேன். கயிறு நைந்திருக்கிறதா பார் என்று கதையை மாற்றினார். நானும் விட்டுவிட்டேன்.

செத்தவீட்டில் றெஜினா அக்கா என் கையைப் பிடித்தார். "உனக்கு ரெண்டு கயிறு கட்டின மனுசன், தம்பி. நான் கெஞ்சியும் ஒருக்காக்கூட டொக்டரிட்டப் போகேல்லையே." ஏன் போகவில்லை என்று இன்னும் அண்ணையிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எரிச்சலோடு.

போன கிழமை புதிய ஒருவர் கீழே நிற்க ஏறினேன். பாதியில் அவருடைய கைத்தொலைபேசி ஒலித்தது; கயிற்றை விட்டு ஒரு கை சட்டைப்பைக்குப் போனது. "இறக்குங்கோ" என்றேன். தொலைபேசியைக் கரையில் வைத்துவிட்டு வரும்வரை ஏறமாட்டேன் என்றேன். அவர் முகம் கறுத்தது. முதலாளி ஏசினார். ஏசட்டும். ஆட்களுக்குப் பிடிக்காத இந்தப் பிடிவாதம்தான் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

அன்று பின்னேரம் ஓட்டோ பிடித்து றெஜினா அக்கா வீட்டுக்குப் போனேன். சில நாளாக அவருக்குத் தலைச்சுற்று.

"எனக்கு ஒண்டுமில்லை தம்பி. நாளைக்கு டொக்டரிட்டப் போறன்."

"இல்லை அக்கா. இண்டைக்கு."

முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். அவர் சேலை மாற்றி வரும்வரை வாசலைவிட்டு நான் அசையவில்லை.